ஆஸ்பத்திரி பொருத்திய இடுப்பை லயம் முறிக்கிறது



சம்பளத்தைப் பற்றி இந்தப் பத்திரிகையில் எத்தனையோ முறை எழுதியாகிவிட்டது. இந்த முறை கக்கூஸைப் பற்றி எழுதுகிறேன். யாரும் முகம் சுளிக்க வேண்டாம். நம் தாய்மார் எழும்பி நடப்பதும், படுத்த படுக்கையாகவே போய்விடுவதும் பல வீடுகளில் அந்தக் கக்கூஸில்தான் தீர்மானமாகிறது. அதை என் வீட்டிலேயே கண்டேன்.

போன வருடம் ஆனி மாதம். காற்றும் மழையும் விடாமல் அடித்த கிழமை. என் மாமிக்கு 58 வயது. 16 வயதில் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டியவர். அன்று பின்னேரம் கொழுந்து நிறுத்து முடித்து, மலையிலிருந்து லயத்துக்கு இறங்கும் குறுக்குப் பாதையில் கானைத் தாண்டும்போது கல் வழுக்கி ஒரு பக்கமாக விழுந்தார். எழும்ப முடியவில்லை. விழுந்த பக்கத்துக் கால் மற்றக் காலைவிடக் குட்டையாகத் தெரிந்தது. பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. தொடை எலும்பின் கழுத்து முறிந்தால் அப்படித்தான் இருக்கும் என்று பிறகு டொக்டர் சொன்னார்.

அம்புலன்ஸ் வந்தது. தோட்டத்து ரோட்டைப் பார்த்துவிட்டுக் கீழ்ச் சந்தியில் நின்றுவிட்டது. வண்டிக்காரரைக் குறை சொல்ல முடியாது. அந்த ரோட்டில் கொழுந்து லொறியே தவழ்ந்துதான் ஏறுகிறது. கம்பளியை இரண்டு கம்பில் கட்டி, நாலு பொடியன்கள் மாமியைச் சுமந்து இறக்கினார்கள். நூறு வருடத்துக்கு முன் நம் பாட்டன்மாரை எப்படிச் சுமந்தார்களோ அப்படியே.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் நடந்தது. முறிந்த பகுதியை எடுத்துவிட்டு உலோக மூட்டு வைத்தார்கள். ஒரு சதம் வாங்கவில்லை. இந்த நாட்டின் இலவச மருத்துவம் பெரிய விசயம். அதை யாரும் பிடுங்க விடக்கூடாது. மறுநாளே கட்டிலை விட்டு இறக்கி, வோக்கரைப் பிடித்து நிற்க வைத்தார்கள். ஒன்பதாம் நாள் துண்டு வெட்டினார்கள். அன்று மிஸ்ஸி அரைகுறைத் தமிழில் கேட்டார்:

“அம்மா, வீட்ல கொமட் இருக்கா?”

மாமி என் முகத்தைப் பார்த்தார். நான் “இருக்கு” என்று சொன்னேன். வெட்கத்தில் சொன்ன பொய் அது. அந்தப் பொய்க்காக நான் இன்றும் வருத்தப்படுகிறேன். ஆனால், அந்த வெட்கம் யாருக்கு வந்திருக்க வேண்டும் தோழர்களே? எனக்கா, அந்த லயத்தை வைத்திருப்பவர்களுக்கா?

டொக்டர் சொன்னதும் லயம் சொல்வதும்

இடுப்பு மூட்டு மாற்றியவர் வீட்டில் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்புகிறார்கள். அந்த விதிகளை ஒவ்வொன்றாக எடுத்து நம் லயத்தோடு வைத்துப் பாருங்கள்.

குந்தக்கூடாது என்கிறார்கள். இடுப்பு அளவுக்கு மேல் முழங்கால் உயர்ந்தால் புதிய மூட்டு குழியிலிருந்து விலகலாம். நம் லயத்தில் குந்தாமல் இருக்கக்கூடிய கக்கூஸ் எங்கே இருக்கிறது?

தாழ்ந்த இருக்கையில் உட்காரக்கூடாது, தரையில் படுக்கக்கூடாது என்கிறார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஆறு பேர். கட்டில் ஒன்று. பலகைக் குத்தியில் உட்கார்ந்துதான் அடுப்பூதுகிறோம்.

விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். வாசலில் மூன்று படி, பாசி பிடித்த கான், அதற்கப்பால் கக்கூஸுக்கு நாற்பது எட்டு. இரவில் லைட் இல்லை. மழை பெய்தால் களிமண்.

தினமும் நடக்க வேண்டும் என்கிறார்கள். வோக்கரின் நாலு காலும் ஒரே மட்டத்தில் ஊன்றுவதற்கு இஸ்தோப்பை விட்டால் நம் தோட்டத்தில் சமதரை எது? அந்த இஸ்தோப்பிலும் விறகும் தண்ணீர்ப் பீப்பாவும் இருக்கின்றன.

இரண்டு கிழமையில் கிளினிக் வாருங்கள் என்கிறார்கள். பஸ்ஸில் ஏறி உட்கார முடியாது. வேன் பிடித்தோம். போய்வர 18,000 ரூபா. 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த 1350 ரூபா நாட்சம்பளத்தில் அது 13 பேருக்கும் மேல். ஒரு கிளினிக்குக்கு அரை மாதச் சம்பளம்.

டொக்டரின் விதி ஒன்றைக்கூட லயத்தில் வைத்து முழுதாக நிறைவேற்ற முடியாது. அரசாங்கம் இலட்சக்கணக்கில் செலவழித்துச் செய்த ஒப்பரேஷனை ஒரு குந்தும் கக்கூஸ் கெடுத்துவிடும். இதைத்தான் ஆஸ்பத்திரி பொருத்தியதை லயம் முறிக்கிறது என்கிறேன்.

ஒரு கொமட்டுக்கு ஒரு கடிதம்

நாங்கள் என்ன செய்தோம்? பிளாஸ்டிக் கதிரையின் நடுவை அறுத்து, கீழே வாளி வைத்தோம். மறைப்புக்குப் படங்கைக் கட்டினோம். 42 வருடம் நிமிர்ந்து மலை ஏறிய மனுசி, பேரப்பிள்ளைகள் இருக்கும் காம்பராவில் படங்குக்குப் பின்னால் வாளியில் இருக்க வேண்டியதாயிற்று. “புள்ள, என்னைய அங்கேயே விட்டுட்டு வந்திருக்கலாம்” என்று ஒரு நாள் சொன்னார்.

லயத்தின் பின்பக்கம் நாலடி இடத்தில் ஒரு கொமட் வைத்துக்கொள்ள அனுமதி கேட்டுத் தோட்டக் கமிட்டி மூலம் கடிதம் கொடுத்தோம். கொமட்டும் சீமெந்தும் எங்கள் காசு. கேட்டது அனுமதித் துண்டு மட்டும். ஐந்து கிழமை கழித்துப் பதில் வந்தது. லயத்தோடு சேர்த்து மேலதிகமாக எதுவும் கட்ட முடியாதாம்.

கூரை ஒழுகும்போது “நீங்கள் இருக்கிற வீடு, நீங்கள் பாருங்கள்” என்கிறார்கள். ஒரு கல் வைக்கப் போனால் அது தோட்டத்துச் சொத்தாகிவிடுகிறது. ஒழுகும் கூரை நமக்கு, உரிமை அவர்களுக்கு. இது என்ன நியாயம்?

கடைசியில் லயத்துப் பொடியன்கள்தான் கைகொடுத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலிலிருந்து பாதையைச் செதுக்கிச் சமப்படுத்தி, டர்பன்டைன் கம்பு நட்டுக் கைபிடி போட்டார்கள். கக்கூஸுக்குள் கொமட் கதிரையை வைக்கக் குழியைச் சுற்றிப் பலகை அடித்தார்கள். மூன்றாம் மாதம் மாமி வோக்கரை விட்டுக் கைத்தடியோடு நடந்தார். துண்டு கேட்காமல் செய்த வேலை அது. நடவடிக்கை எடுப்பதென்றால் எடுக்கட்டும்.

எல்லா வீட்டிலும் இப்படி முடிவதில்லை. அதற்கு முந்திய வருடம் பணிய கணக்கில் ஓர் அம்மாவுக்கும் இதே ஒப்பரேஷன் நடந்தது. கக்கூஸுக்குப் போகப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார். சாப்பாட்டைக் குறைத்தார். விழுந்துவிடுவார் என்ற பயத்தில் வீட்டுக்காரரும் அவரை எழுப்பவில்லை. முதுகில் புண் வந்தது, பிறகு நெஞ்சுச் சளி. தீபாவளிக்கு முன்னே போய்விட்டார். “வயசான காலம்” என்று சொல்லி எல்லோரும் கலைந்தோம். நானும் அப்படித்தான் சொன்னேன்.

உலகம் முழுவதும் இடுப்பு முறிந்த முதியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஒரு வருடத்துக்குள் இறந்துபோகிறார்கள். பலரைக் கொல்வது முறிவுக்குப் பின்னால் வரும் படுக்கைதான். கிடந்தால் காலில் இரத்தம் கட்டும், நுரையீரலில் சளி கட்டும், தோல் புண்ணாகும், தசை கரையும். அதனால்தான் மறுநாளே எழுப்பி நிற்க வைக்கிறார்கள். எழுப்பி நடக்க வைக்க இடமில்லாத லயத்துக்கு அவரை அனுப்பிவிட்டு, இறந்தபின் வயதின் மேல் பழி போடுவது சரியா?

அவர்கள் சொல்லும் சாட்டுகள்

முதல் சாட்டு: “வேலை முடிந்த பிறகு விழுந்தவர். தோட்டத்துக்குப் பொறுப்பில்லை.” மாமி விசயத்திலும் இதைத்தான் சொன்னார்கள். வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934இல் வந்தது. அது 2022இல் திருத்தப்பட்டது. வேலைக்குப் போகும் வழியிலும், வேலை முடிந்து திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்துக்கும் இப்போது நட்டஈடு உண்டு. மலையிலிருந்து லயத்துக்கு இறங்கும் குறுக்குப் பாதை திரும்பும் வழி இல்லையென்றால் வேறு எது? இது தெரியாமல் எத்தனை பேர் “வீட்டில் விழுந்தேன்” என்று ஆஸ்பத்திரியில் எழுத விட்டிருக்கிறார்கள்!

இரண்டாம் சாட்டு: “பென்சனுக்குப் போனவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை.” சேமலாப நிதியையும் சேவைக்காலப் பணத்தையும் கொடுத்துவிட்டால் கணக்கு முடிந்ததாம். சட்டப்படியான காசைக் கொடுப்பது தருமம் இல்லை. 1912இலேயே, வெள்ளைத் துரைமார் காலத்தில், மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்தது. லயத்தைச் சுகாதாரமாக வைத்திருப்பதும், நோயாளித் தொழிலாளியைக் கவனிப்பதும் தோட்டத்தின் கடமை என்று அந்தக் காலச் சட்டமே ஒப்புக்கொண்டது. 1992இல் தோட்டங்களைக் கையேற்ற கம்பனிகள் தேயிலையோடு லயத்தையும்தான் கையேற்றன. இலாபம் தரும் செடியை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்தச் செடியை வளர்த்த ஆளை விட்டுவிட முடியாது.

இன்னொன்று. 2021இல் வந்த சட்டம் தனியார் துறையில் ஓய்வுபெறும் வயதைக் குறைந்தது 60 ஆக்கியது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் எலும்பு வேகமாக மெலிகிறது என்பது எல்லா டொக்டருக்கும் தெரிந்த விசயம். சரியாக அந்த வயதில், சாக்கு நிறையக் கொழுந்தைத் தலையில் சுமந்து, ஈரப் பாறையில் இறங்குகிறோம். வேலை செய்யும் வயதை 60 ஆக்கினார்கள். 60 வயதுக் கால் நடக்கக்கூடிய பாதை போட்டார்களா?

மூன்றாம் சாட்டு: “புது வீடு வருகிறது, கொஞ்சம் பொறுங்கள்.” 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் மோடி வந்து, இந்திய உதவியில் கட்டிய 150 கட்டில் டிக்கோயா ஆஸ்பத்திரியைக் கிளங்கனில் திறந்தார். அன்றே நோர்வூட்டில் மேலும் 10,000 வீடு என்று அறிவித்தார். நாமும் கை தட்டினோம். ஆஸ்பத்திரி நல்ல ஆஸ்பத்திரி. ஆனால், அந்த 10,000 வீட்டின் வேலை தொடங்கவே 2024 ஆனது. வீடு வரட்டும், ஏழு பேர்ச் காணியும் உறுதியோடு வரட்டும். முறிந்த எலும்பு ஏழு வருடம் காத்திருக்காது. இன்று லயத்தில் கிடப்பவருக்கு இன்றைக்கே கொமட் வேண்டும்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்து மலை சரிந்த இரவுகளை நினைத்துப் பாருங்கள். “உடனே வெளியேறுங்கள்” என்ற எச்சரிக்கை, நடக்க முடிந்தவர்களுக்கு மட்டும்தான் எச்சரிக்கை. எழும்ப முடியாத தாயை வைத்திருந்த குடும்பம் அன்று என்ன பாடுபட்டிருக்கும்?

நாலாம் சாட்டு சம்பளத்துக்குள்ளேயே இருக்கிறது. 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் நாட்சம்பளத்தை 1550 ரூபாவாக்கி, வேலைக்கு வரும் நாளுக்கு அரசாங்கம் 200 ரூபா ஊக்கத்தொகை தரும் என்று முன்மொழிந்தார்கள். கூடுகிற ஒவ்வொரு ரூபாவையும் வரவேற்கிறோம். ஆனால், வருகைக்குக் காசு என்றால், வர முடியாமல் கிடப்பவருக்கு என்ன? அவரைத் தூக்கி இருத்த வீட்டில் நின்ற மருமகளுக்கு என்ன? மாமி விழுந்த மாதம் எனக்கு 11 பேர் போனது. நான் சோம்பேறித்தனமாக இருக்கவில்லை. தோட்டத்துக்காக முறிந்த ஓர் இடுப்பைத் தோட்டத்துக்காக இலவசமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் சாட்டு நம்முடையது: “தலைவிதி.” முன்பு பிரசவத்தில் தாய்மார் செத்தபோதும் நம் சனம் இதைத்தான் சொன்னது. பிறகு மிட்வைஃப் லயம் லயமாக ஏறி வந்தார். கர்ப்பிணியின் பெயர் பதியப்பட்டது. பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போனது. தலைவிதி மாறிவிட்டது! பிள்ளை பெறப்போகும் தாயைத் தேடி லயத்துக்கு ஒருவர் வர முடியுமென்றால், அந்தப் பிள்ளைகளை வளர்த்து முடித்து இடுப்பு முறிந்து கிடக்கும் தாயைத் தேடி ஏன் ஒருவர் வரக்கூடாது?

வீட்டுக்காரர்களுக்கு

போராட்டம் ஒரு பக்கம் நடக்கட்டும். நாளைக்கே உங்கள் வீட்டுக்கு ஒருவர் இப்படித் திரும்பி வரலாம். நாங்கள் தட்டுத் தடுமாறிக் கற்றதைச் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் மேல் உங்கள் டொக்டர் சொல்வதுதான் முதன்மை.

என்ன ஒப்பரேஷன் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூட்டு மாற்றுவது வேறு, முறிந்ததைத் தகடும் ஆணியும் வைத்துப் பொருத்துவது வேறு. காலில் எவ்வளவு பாரம் ஊன்றலாம், எத்தனை கிழமை குனியாமல் இருக்க வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். சிங்களத்தில் சொன்னது புரியாவிட்டால் தலையாட்ட வேண்டாம். தமிழில் கேட்பது உங்கள் உரிமை.

என்னைப் போலப் பொய் சொல்ல வேண்டாம். கொமட் இல்லை, படி இருக்கிறது, கக்கூஸ் தூரம் என்று உள்ளதைச் சொல்லுங்கள். படி ஏறி இறங்கப் பழக்கித் தருவார்கள். ஏறும்போது நல்ல கால் முன்னே. இறங்கும்போது ஒப்பரேஷன் செய்த கால் முன்னே.

கட்டிலின் நாலு காலுக்கும் அசையாத கட்டை வைத்து உயர்த்துங்கள். உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். மூட்டு மாற்றியவர் கால்மேல் கால் போடக்கூடாது. படுக்கும்போது இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை வையுங்கள்.

பயந்து படுக்க வைக்காதீர்கள். ஒருவர் பக்கத்தில் நிற்க, நாளுக்குப் பல முறை கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வையுங்கள். கக்கூஸுக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்க விடாதீர்கள். முட்டை, பருப்பு, நெத்தலி, கீரை கொடுங்கள். எலும்பு மெலிந்திருக்கிறதா, அதற்கு மருந்து வேண்டுமா என்று கிளினிக்கில் கேளுங்கள். ஒரு முறை முறிந்தவருக்கு இன்னொரு முறையும் முறியலாம்.

கெண்டைக்கால் வீங்கி வலித்தால், மூச்சுத் திணறினால், காய்ச்சல் வந்தால், தையலில் சிவப்போ சீழோ கண்டால், கால் திடீரென்று குட்டையாகி ஊன்ற முடியாமல் போனால், எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

வேலையிலோ, வேலைக்குப் போகும் வரும் வழியிலோ விழுந்தால், எங்கே, எத்தனை மணிக்கு, எப்படி என்பதை அன்றே தோட்டத்தில் பதியச் செய்யுங்கள். ஆஸ்பத்திரியிலும் அதையே சொல்லுங்கள். டயக்னோசிஸ் கார்டைப் பத்திரமாக வைத்து, உடனே மாவட்டக் காரியாலயத்துக்கு வாருங்கள்.

நாம் கேட்பது

1. எலும்பு முறிந்து வீடு திரும்பும் தொழிலாளிக்கும், ஓய்வுபெற்றவருக்கும், அவர் இருக்கும் லயத்தில் 14 நாளுக்குள் கொமட், கைபிடி, லைட், சமப்படுத்திய பாதை. இதைக் குடும்பமே செய்ய முன்வந்தால் துண்டு கேட்டு அலைக்கழிக்கக்கூடாது.

2. ஒவ்வொரு தோட்ட டிஸ்பென்சரியிலும் இரவல் கொடுக்க வோக்கரும் கொமட் கதிரையும். கிளினிக் நாளுக்குத் தோட்டத்து வாகனம்.

3. வேலை விபத்தில் கிடப்பவரின் வருகைக் கொடுப்பனவு வெட்டப்படக்கூடாது. அவரைப் பார்த்துக்கொள்ளும் ஒருவருக்கு 14 நாள் சம்பளத்தோடு லீவு.

4. ஒப்பரேஷன் முடிந்து வருபவரைச் சுகாதாரத் திணைக்களத்தின் ஊழியர் லயத்துக்கு வந்து பார்க்க வேண்டும். நடைப்பயிற்சிக் கிளினிக் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். கையில் கொடுக்கும் அறிவுறுத்தல் தமிழில் இருக்க வேண்டும்.

5. இனிக் கட்டும் ஒவ்வொரு வீட்டிலும் குந்தாமல் இருக்கக்கூடிய கக்கூஸ்.

இதில் எது நடக்க முடியாத காரியம்? ஒரு கொமட்டின் விலை, துரை பங்களாவின் ஒரு குளியலறைக் குழாயின் விலைக்கு வருமா?

சங்கத்துக்கும் ஒரு வார்த்தை. கூட்டுப் பேச்சுவார்த்தையில் சம்பளத்தைப் பேசிவிட்டு எழும்பி வந்துவிடுகிறோம். கக்கூஸைப் பேசுவது தலைவர்மாருக்குக் கௌரவக் குறைவாகத் தெரிகிறதோ என்னவோ. மாதர் சங்கம் அதைப் பேசும். அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் பிரிவில் இடுப்போ காலோ முறிந்து வீட்டில் கிடப்பவர்களின் பெயர், லயம், காம்பரா எண் எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தப் பட்டியலோடு பெரட்டுக் களத்திலிருந்தே ஒபிசுக்குப் போவோம்.

மாமியும் வருகிறேன் என்கிறார். கைத்தடியோடு, மெதுவாகத்தான் நடப்பார். நாமும் அவருடைய நடைக்கே நடப்போம்.

— தோட்டக் கமிட்டி மாதர் சங்கத் தலைவி ஒருவர்